மூன்றாம் அங்கம் வந்து சேரவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அவள், குட்டி மூவரும் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் பேச்சில் காற்றுதான் அதிகம் வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் சுகம்தானே?

இந்தத் தடவை காரியமாகத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் பதிப்பகத்தில் நாடகப் புத்தக வரிசை ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். முதல் புத்தகமாக உங்கள் குழுவின் நாடக ஆசிரியருடைய ஐந்து நாடகங்களைப் போடுவதென்று முதலாளி முடிவு செய்துவிட்டார். மெய்ப்புப் பார்ப்பது முதல் பின்னட்டைக்கு வார்த்தை தேடுவது வரை எல்லாம் என் தலையில். ஆசிரியர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. நாலு நாடகங்கள் அவர் வீட்டிலிருந்து கிடைத்துவிட்டன. ஐந்தாவது, அதுவும் இருப்பதிலேயே பெரியது, 'எட்டாம் நம்பர் கதவு', கிடைக்கவில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகி அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க ஊறிப்போயிற்றாம். அவர் மனைவி கூழாகிப்போன ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார்.

இனி அந்த நாடகத்தின் முழுப் பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது உன் மடியில் இருக்கிறது. பக்கத்திரை ஓரத்தில் உட்கார்ந்து, மறந்து நிற்கிறவர்களுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிற வேலையை இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறாய். உன்னிடம் இல்லாத கமா வேறெங்கும் இருக்கப் போவதில்லை. மூன்று அங்கங்களையும் நகல் எடுத்து அனுப்பு. செப்டம்பரில் புத்தகம் கடைக்குப் போகவேண்டும்.

அத்தானிடம் சொல்லிவிடு. அந்த நாடகத்தில் அப்பா வேஷத்தை அவரைத் தவிர வேறு யார் போட்டார்கள்? புத்தகத்தில் பாதிப் பெருமை அவருக்குத்தான்.

உன் தம்பி

-----

ஜனவரி 24

அன்புள்ள மொட்டைக்கு,

நாற்பத்தாறு வயதிலும் தலை நிறைய முடி என்று உன் பெண்டாட்டி பெருமையாக எழுதியிருந்தாள். இருக்கட்டும். பேன் பிடித்து மழித்த அந்தப் பத்து வயதுத் தலை எனக்கு மறக்காது, பேரும் மாறாது. குட்டிக்கு என் முத்தம். அந்தப் பல் விழுந்த சிரிப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

முழங்கால் அப்படியேதான். மேடைப் படி ஏறும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுகிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் பிழைத்தேன்.

முதல் இரண்டு அங்கங்கள் இத்துடன். என் பிரதி தினமும் மாலையில் எனக்கு வேண்டும் என்பதால் கையாலேயே எழுதினேன். ஆசிரியர் எழுதியதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரராக வருகிற ஆள் பத்து வருஷமாகத் தன் சொந்தச் சரக்கு மூன்று ஜோக்கைச் சேர்த்துப் பேசுகிறார். சனம் சிரிக்கிறது, நானும் விட்டுவிட்டேன். அதையெல்லாம் கழித்துவிட்டேன். கமாவைப் பற்றி என்னிடம் கேட்காதே. நடிகர்கள் கமாவை மென்று தின்றுவிடுகிறவர்கள்.

அத்தான் நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. மூன்று முறை கைதட்டு. புத்தக விஷயம் சொன்னேன். "நம்மாளு எழுதினது புஸ்தகமா வருதா? எனக்குத்தான் முதல் பிரதி, சொல்லி வை" என்றார்.

மூன்றாம் அங்கம் பத்து நாளில் வரும். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணை ரொம்பக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

-----

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சுற்று ஜலதோஷம் வந்து போயிற்று. இப்போது தேவலை. அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு அங்கங்களும் பத்திரமாக வந்தன, அச்சுக் கோத்தும் ஆயிற்று. கோக்கிறவர் கதையில் மூழ்கிப்போய், அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை என்று மேஸ்திரி என்னைப் பிடித்துத் திட்டினார். எனக்கு உள்ளுக்குள் குஷி.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டாம் அங்கத்தில் அடுத்த வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காருகிறார். நாற்காலி எப்போது வந்தது?

அதைவிடப் பெரிய சந்தேகம், மூன்றாம் அங்கம் எங்கே? பத்து நாள் என்றாய், ஐந்து வாரம் ஓடிவிட்டது. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று இங்கே தபால் ஆபீசுக்கு இரண்டு தடவை போய்க் கேட்டேன்.

இன்னொன்று. ஆசிரியரைப் பற்றி அத்தான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் முன்னுரையாகப் போடலாம் என்கிறார் முதலாளி. இருவரும் முப்பது வருஷச் சிநேகிதர்கள். அத்தான் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாத ஆள், இரண்டு பக்கம் அவருக்கு ஒரு பொருட்டா?

குட்டியின் போட்டோ இத்துடன். சிரிக்கச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

உன் தம்பி

-----

ஏப்ரல் 6

அன்புள்ள மொட்டைக்கு,

போட்டோ கிடைத்தது. வாயை மூடினாலும் கண்ணில் விஷமம் தெரிகிறது, அப்படியே நீதான். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாற்காலி முதலிலிருந்தே மேடையில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கண் உண்டு. படிக்கிறவர்களுக்கு வேண்டுமானால் நீ ஒரு வரி சேர்த்துக்கொள்.

இங்கே ஒப்பனை அறையில் புதிதாக விளக்குகள் போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் அதிகமானதும் எல்லோருக்கும் தங்கள் வயசு தெரிந்துவிட்டது, ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. மகளாக நடிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது மாதிரி இருக்கிறது. நான் உட்காருகிற முக்காலிக்கு மேனேஜர் புது மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறார்.

முன்னுரை எழுத அத்தானுக்கு நேரமில்லை. அவர் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியாதா? வேறு யாரையாவது கேள்.

மூன்றாம் அங்கம் இத்துடன். தாமதத்துக்கு முழங்கால்தான் காரணம்.

உன் அக்கா

-----

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். முழங்காலால் தாமதம் என்றாயே, காலாலா எழுதுகிறாய்?

விளையாட்டு போகட்டும். மூன்றாம் அங்கத்தை மூன்று தடவை படித்தேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், அடிக்க வராதே. சப்பென்று இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வந்து மகள் முன்னால் நிற்கிறார். ஏன் போனார் என்று அவர் சொல்வதுதானே நாடகமே? இதில் மகள் அல்லவா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்! இப்படி வருகிறது:

மகள்: அன்னிக்கு நீங்க கடைக்குத்தானே கெளம்பினீங்க அப்பா? குடைகூட எடுத்துக்கல, இல்லையா?

அப்பா: ஆமாம். எடுத்துக்கல.

பதினோரு பக்கமும் இதே கதை. அவர் ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிறார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அரங்கில் நான் பார்த்தேன், நினைவிருக்கிறதா? நாலாவது வரிசை. மகள் வாயே திறக்கவில்லை. அத்தான் ஒருவர்தான் பேசினார். "மழை வரும்னு தெரிஞ்சும் குடை எடுக்கல. எடுத்திருந்தா திரும்பி வரணும்னு தோணியிருக்கும்" என்று ஆரம்பித்து, நாலு நிமிஷம், ஒரே மூச்சு. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த முரட்டு ஆள் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வசனம் எங்கே? பக்கம் மாறி வேறெதையோ அனுப்பிவிட்டாயா?

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

-----

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நலம். பக்கம் எதுவும் மாறவில்லை. ஆசிரியர் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது அவரே சுருக்கி எழுதிக் கொடுத்தது அது. இப்போது நடப்பதும் அதுதான். எழுதினவருக்குத் தெரியாதது மெய்ப்புப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டதாக்கும். இருக்கிறபடி போடு.

அக்கா

-----

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. கோபத்தோடேயே படி, ஆனால் கடைசிவரை படி.

போன வாரம் ஆசிரியர் வீட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் மூன்றாம் அங்கத்தைச் சுருக்கியதைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசி ஒன்பது மாதம் அவருக்கு வலது கை வரவில்லையாம். பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணால் காட்டுவாராம். அவர் எதை எழுதிக் கொடுத்திருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன், இந்தத் தடவை மெய்ப்புப் பார்க்கிற கண்ணோடு. ஒவ்வொருவரும் அவரிடம் பேசும்போது, அவர் எங்கே இருக்கிறார், எதிரில் நிற்பது யார், முன்னால் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்கள். "உங்க மக நான் கேக்கறேன்" என்று அந்தப் பெண் ஒன்பது தடவை சொல்கிறாள். தான் யாரென்று அப்பாவுக்கு எதற்காக ஒன்பது தடவை சொல்லவேண்டும்? பதில் எல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். ஒரு வரிகூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இது ஆசிரியர் எழுதியதில்லை, நீ எழுதியது. எதற்காக என்பது அதிலேயே இருக்கிறது.

அக்கா, அத்தானுக்கு என்ன ஆச்சு?

உன் தம்பி

-----

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரமாக உனக்குப் பதில் போடவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். இதை உறையில் போட்டதும் கிழிக்க நேரம் இல்லாதபடி தபால்பெட்டிக்கு நடந்துவிடப் போகிறேன்.

அத்தானுக்கு மறதி. கண்ணாடியை வைத்த இடம் மறக்கிற மறதி இல்லை. மூன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு மாலையில் மூன்றாம் அங்கத்தில் நின்றுகொண்டு முதல் அங்கத்து வசனத்தைப் பேசினார். நான் எடுத்துக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டார். சரி, களைப்பு என்று விட்டேன். பிறகு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் தினம். முதல் இரண்டு அங்கங்களும் சின்னச் சின்னப் பேச்சு, எப்படியோ ஓடிவிடுகிறது. அந்த நாலு நிமிஷம்தான் அவரைக் கைவிட்டுவிட்டது. டாக்டரிடம் காட்டினேன். அவர் அதற்கு ஒரு பேர் சொன்னார். போகப்போக அதிகமாகுமே ஒழியக் குறையாது என்றார். "தூக்கம் பத்தல, அவ்வளவுதான்னு அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். அவரும் அப்படியே சொன்னார்.

முதலில் ஒரு வரியைத்தான் மகள் வாய்க்கு மாற்றினேன். பிறகு இன்னொன்று. ஒரு வருஷத்தில் அங்கம் முழுக்க மாறிவிட்டது. மகளாக நடிக்கிற பெண்ணுக்கும் அடுத்த வீட்டுக்காரராக வருகிறவருக்கும் மட்டும் தெரியும். மேனேஜரிடமும் அத்தானிடமும், ஆசிரியர் முன்பே சுருக்கி வைத்தது என்று சொல்லிவிட்டேன். கேட்டதும் அத்தான் முகம் செத்துப்போயிற்று. "என்னால பேச முடியாதுன்னு நெனச்சுட்டான் பாரு, முப்பது வருஷம் பழகி!" என்றார். செத்துப்போன சிநேகிதன்மேல் இத்தனை நாளாக ஒரு வருத்தம். அந்தப் பாவம் என்னுடையது.

தம்பி, நீ அசலைப் போட்டால் முதல் பிரதியை அவர்தான் கேட்பார். படித்தால், சிநேகிதன் சுருக்கியிருந்தால் சுருக்கியதுதானே அச்சில் வரும், சுருக்கியது அவன் இல்லை என்று தெரியும். நான்தான் என்று தெரியும். ஏன் என்று யோசிப்பார். மடையர் இல்லை அவர், புரிந்துவிடும். அவருடைய ரோஷம் உனக்குத் தெரியும். அடுத்த நாள் மேடைப் படி மிதிக்கமாட்டார். மேடை ஒன்றுதான் அவரை இன்னும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. மாலையில் முகத்தில் பூச்சு ஏறியதும் ஆள் பழையபடி ஆகிவிடுகிறார். கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறார், எல்லோரையும் பேர் சொல்லி அழைக்கிறார். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நேரத்தை நான் ஓட்டுகிறேன்.

அதனால் நான் அனுப்பியதையே போடு. என் பேர் வேண்டாம். உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா

-----

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்புக்குக் குறையில்லை. உன் கடிதத்தை ஆபீசில் பிரித்துத் தொலைத்தேன். காகிதக் கிடங்குக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். இத்தனை நாள் தனியாகவா தூக்கிச் சுமந்தாய்? ஒரு வரி எழுதியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? நான் என்ன மூன்றாம் மனுஷனா? சப்பென்று இருக்கிறது என்று எழுதினேனே, என் கையைத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை அக்கா. நீ எழுதியது ஒரே ஒருவருக்காக எழுதியது. புத்தகத்தை வாங்கிப் படிக்கிறவனுக்கு அந்த மறதி இல்லை. அவன் இதைப் படித்துவிட்டு, இவ்வளவு மோசமாக எழுதினார் என்று ஆசிரியரை நினைப்பான். அவர் இனி எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. ஒருவருடைய மானத்தைக் காப்பாற்ற இன்னொருவருடைய மானத்தை எடுக்க என் கை வரவில்லை.

அசல் பக்கங்கள் இருக்கின்றனவா, கிழித்துவிட்டாயா? இருந்தால் அனுப்பு. அனுப்ப மனமில்லையென்றால் இரண்டு அங்கத்தோடு நிறுத்திவிட்டு, 'மூன்றாம் அங்கம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி போடுகிறேன். பொய்தான். உனக்காக அச்சில் ஒரு பொய் சொல்கிறேன், முதலாளியிடமும் வாய் திறக்கமாட்டேன். அதற்குமேல் என்னால் போக முடியாது.

ஆகஸ்ட் கடைசிவரை பார்க்கிறேன். நான் வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை போதும்.

உன் தம்பி

-----

ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

இருக்கிறோம். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?

நடந்ததை அப்படியே சொல்கிறேன். மகளாக நடிக்கிற பெண்ணுக்கு ஜூலை கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டது. அவசரத்துக்கு இன்னொரு பெண்ணைப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனத்தை மட்டும் தனியாக எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம், பார்ட் என்போம். மகள் பார்ட்டை எடுத்துக் கொடு என்றார் மேனேஜர். பெட்டியைத் திறந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். புதுக் கட்டுக்குப் பதில் பழைய கட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் தப்பான காகிதத்தை யாரிடமும் நான் நீட்டியதில்லை. அன்றைக்கு ஒரு நாள் நீட்டினேன்.

முதல் இரண்டு அங்கங்களில் வித்தியாசம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய பார்ட்டில் மூன்றாம் அங்கத்துக்கு இரண்டே வார்த்தைதான், 'பேசாமல் நிற்கிறாள்'. அவளும் அப்படியே நின்றாள். நன்றாகவே நின்றாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தான் அவள் கேள்விக்காகக் காத்திருந்தார். நான் முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். மூன்றாவது வரிசைவரை கேட்டிருக்கும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "யாரும்மா நீ? வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார்.

சனம் கைதட்டியது. மகளையே அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். மேனேஜர் திரையை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். "மூணு வருஷம் எனக்கே தெரியாம ஓட்டிட்டீங்களே அண்ணி" என்று மட்டும் சொன்னார். அப்பா வேஷம் இப்போது வேறொருவருக்கு. நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இவரை வீட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? அரங்கத்துக்குக் கூரை மாற்றுகிறார்கள், முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினம் காலையில் "கூரை முடிஞ்சுதா?" என்று கேட்கிறார். இந்த இரண்டு வாரத்தில் ரொம்ப இறங்கிவிட்டார்.

அசல் பக்கங்கள் இத்துடன், பதிவுத் தபாலில். கிழிக்க எனக்கு எப்படி மனசு வரும்? துணி அலமாரியில் வைத்திருந்தேன். போட்டுக்கொள். நீ சொன்னது சரிதான், ஆசிரியருக்கு நான் செய்தது அநியாயம். ஆனால் புத்தகம் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. ஒரு பிரதிகூட. கூரை முடியும் என்று உட்கார்ந்திருக்கிறவரிடம், உங்கள் வேஷத்தைப் பிடுங்கியதே நான்தான் என்று காட்டிக்கொடுக்காதே.

நீ இப்போது வரவேண்டாம். வா என்று தோன்றும்போது சொல்கிறேன்.

உன் அக்கா

-----

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எல்லோரும் நலம். புத்தகம் வந்துவிட்டது. மூன்றாம் அங்கம் முழுசாக இருக்கிறது. அட்டையில் அத்தான், அப்பா வேஷத்தில்.

விஷயம் அதுவல்ல. நான் நாலு நாள் வெளியூர் போயிருந்தபோது, நடித்தவர்களுக்கெல்லாம் மரியாதைப் பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அத்தான் பேருக்கும் ஒன்று போய்விட்டது. யாரிடமும் வாய் திறக்காமல் இருந்ததற்கு இதுதான் கிடைத்தது. தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இரு. பழுப்பு உறை, எங்கள் முத்திரை இருக்கும். எப்படியாவது நீ வாங்கிக்கொள்.

என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி

-----

அக்டோபர் 14

அன்புள்ள மொட்டைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. புத்தகம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. போனது போகட்டும், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

நான் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தேன். தபால்காரர் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார். இறங்கி வந்தால், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கவா முடியும்? சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் புரட்டுகிற பக்கத்தை எண்ணிக்கொண்டே இருந்தேன், எங்கே இருக்கிறார் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். பதினோரு மணிக்கு மூன்றாம் அங்கத்துக்கு வந்துவிட்டார். நான் பேசவேண்டியதைத் தயார் பண்ணிக்கொண்டேன். வெட்டினது நான்தான், உங்கள் சிநேகிதர்மேல் தப்பில்லை, திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

"இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். போனேன்.

"இந்த மூணாவது அங்கம் படிச்சியா?"

"படிச்சேன்."

"அந்த அப்பா பேசறானே, அடேயப்பா! இப்படி ஒண்ணு என் ஆயுசுல படிச்சதில்ல. யாரு எழுதினது?"

ஆசிரியர் பேரைச் சொன்னேன்.

"கேள்விப்பட்டதில்லையே. நல்லா எழுதறார்." புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். "இவர்தான் அப்பாவா நடிக்கறாரா?"

"முன்னாடி நடிச்சார். இப்ப இல்ல."

"ஏன்?"

"உடம்புக்கு முடியல."

"பாவம்" என்றார். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா எனக்குக் கெடைக்குமான்னு கேட்டுப் பாரேன். என் வயசுக்குப் பொருந்தும். பாடம் பண்ண ஒரு மாசம் போதும்."

மொட்டை, கண்டுபிடித்துவிடுவாரோ, கண்டுபிடித்துவிடுவாரோ என்று மூன்றரை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன். அன்றைக்கு அங்கே நின்றுகொண்டு, இந்த மனுஷன் கண்டுபிடித்திருக்கக் கூடாதா, என் முகத்தில் புத்தகத்தை விட்டெறிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்குத் திட்டக்கூட ஆள் இல்லை.

"உங்களுக்குத்தான் அந்த வேஷம்" என்றேன்.

சட்டென்று எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

தினமும் காலையில் வீட்டிலேயே ஒத்திகை நடக்கிறது. இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. இப்போது நீ வரலாம். குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. வந்தால் உன்னை யாரென்று கேட்பார், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதே. புத்தகம் போட்டவர் என்று சொல்லிக்கொள், சந்தோஷப்படுவார்.

உன் அக்கா